கிரேடிங் லேபிளில் பிழை: திருத்தக் கொடுப்பதா, அப்படியே வைப்பதா, வேறு வழி தேடுவதா?

விளையாட்டு அட்டை சேகரிப்பவர்கள் ஓர் அட்டையை கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை எதிர்பார்க்கிறார்கள். இது எந்த அட்டை என்பது ஒன்று. எந்த நிலையில் இருக்கிறது என்பது மற்றொன்று. சேகரிப்பாளர்களிடையே வாக்குவாதம் எழுவதெல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான். பத்து கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்பது ஏன் கிடைத்தது என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். முதல் விடையே தவறாக அச்சிடப்பட்டு, ஸ்லாப் எனப்படும் கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் அட்டையோடு சேர்த்து மூடப்பட்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை, அப்படி ஒன்று கையில் வந்து சேரும் வரை யாரும் யோசிப்பதில்லை. அப்போது கைவசம் இருக்கும் வழிகளை ஒப்பிட்டு, எந்தப் பிழைக்கு எந்த வழி பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கச் சந்தையில் நான்கு பெயர்கள் முதன்மையானவை. 1991 முதல் இயங்கும் பி.எஸ்.ஏ., மையப்பொருத்தம் (படம் அட்டையின் நடுவில் அமைந்திருக்கும் விதம்), மூலை, விளிம்பு, மேற்பரப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக நான்கு உபமதிப்பெண்களை லேபிளில் காட்டும் பெக்கெட்டின் பி.ஜி.எஸ்., பழைய அட்டைகளைச் சேர்ப்பவர்கள் விரும்பும் எஸ்.ஜி.சி., 2021-இல் விளையாட்டு அட்டைகளுக்குள் நுழைந்த சி.ஜி.சி. குழுமம் ஆகியவை அவை. நான்கிலும் லேபிள் தரவு மனிதர்கள் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்வதுதான். ஓர் ஆண்டின் ஒரே தொகுப்பில் ஒரே வீரருக்கு நிற வேறுபாட்டால் மட்டும் பிரியும் பல பதிப்புகள் வருகிற இக்காலத்தில், பட்டியலில் ஒரு வரி தள்ளித் தேர்ந்தெடுத்தாலே லேபிள் வேறோர் அட்டையின் பெயரைத் தாங்கிவிடும்.

அந்த ஒரு வரியின் விலை எவ்வளவு என்பதற்கு ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் அறிமுக அட்டையைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1979-80 ஹாக்கிப் பருவத்துக்கு அமெரிக்காவில் டாப்ஸ் நிறுவனமும், கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரைச் சேர்ந்த ஓ-பீ-சீ நிறுவனமும் ஏறத்தாழ ஒரே வடிவமைப்பில் அட்டைகளை வெளியிட்டன. இரண்டிலும் அதே படம், அதே நீல விளிம்பு, அதே 18 என்ற எண். பின்புறத்தைத் திருப்பினால்தான் வேறுபாடு உறுதியாகும்: கனடியப் பதிப்பில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்கும், அமெரிக்கப் பதிப்பில் ஆங்கிலம் மட்டுமே. பி.எஸ்.ஏ. பத்து பெற்ற ஓ-பீ-சீ பிரதி ஒன்று 2020 டிசம்பரில் 12.9 லட்சம் டாலருக்கும், 2021 மே மாதத்தில் 37.5 லட்சம் டாலருக்கும் விலைபோனது. அதே தரத்தில் உள்ள டாப்ஸ் பதிப்பின் விலை ஓ-பீ-சீயைவிடக் குறைவாகவே இருக்கும். நடுத்தர நிலையில் உள்ள ஓ-பீ-சீ பிரதி ஒன்றின் லேபிளில் டாப்ஸ் என்று அச்சாகிவிட்டால், அட்டையில் எந்தக் குறையும் இல்லாமலேயே அதன் மதிப்பின் பெரும்பகுதி சந்தையின் கண்ணுக்கு மறைந்துவிடும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், பிழை என்று நாம் கருதுவது உண்மையில் பிழைதானா என்று பார்த்துவிட வேண்டும். எஸ்.ஜி.சி.யின் பழைய லேபிள்களில் 96, 88 போன்ற எண்களைக் காண்பவர்கள் திகைப்பதுண்டு; அந்நிறுவனம் முன்பு நூறு புள்ளி அளவுகோலைப் பயன்படுத்தியது, அதில் 96 என்பது இன்றைய ஒன்பது, 88 என்பது எட்டு. பி.ஜி.எஸ். லேபிளில் நான்கு உபமதிப்பெண்களின் சராசரிக்கும் மொத்த கிரேடுக்கும் பொருத்தமில்லை என்று புகார் எழுவதும் வழக்கம். மொத்த கிரேடு வெறும் சராசரி அல்ல, மிகக் குறைந்த உபமதிப்பெண் அதைக் கீழே இழுக்கும். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த டி206 பேஸ்பால் அட்டைகளின் பழைய லேபிள்கள் சிலவற்றில், பின்புறத்தில் விளம்பரம் செய்யப்பட்ட சிகரெட் பெயர் குறிப்பிடப்பட்டிருக்காது. அரிய பின்புறம் கொண்ட அட்டைக்கு அது இழப்புதான் என்றாலும், அன்றைய லேபிள் முறைப்படி அது பிழை ஆகாது; எனவே பிழைத்திருத்தச் சலுகையை எதிர்பார்க்காமல், கட்டணம் கட்டிப் புதிய உறைக்கு மாற்றக் கேட்பதே பொருத்தம்.

இதற்கு நேர்மாறான ஐயமும் உண்டு. பி.எஸ்.ஏ. 2008 முதல் அரைப் புள்ளி கிரேடுகளைத் தருகிறது. ஆனால் அவை எட்டரையோடு நின்றுவிடும். ஆகவே பி.எஸ்.ஏ. ஒன்பதரை என்று ஒரு லேபிள் சொன்னால் அதை அச்சுப்பிழை என்று எடுத்துக்கொள்வதைவிட, ஸ்லாப்பே போலியோ என்று சந்தேகிப்பதே அறிவுடைமை. போலி ஸ்லாப் செய்பவர்கள் உண்மையான ஸ்லாப் ஒன்றின் சான்று எண்ணையே (ஒவ்வொரு ஸ்லாப்புக்கும் நிறுவனம் தரும் தனி எண்) நகலெடுத்துப் பயன்படுத்துவதால், நிறுவனத்தின் இணையத் தேடலில் எண் கிடைத்துவிட்டது என்பது மட்டும் போதாது. அங்கே சேமித்துள்ள படம் இருந்தால், அட்டையின் மையப்பொருத்தத்தையும் மூலைகளையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பிழை உறுதியானபின் எந்த வழியைத் தேர்வது என்பது, என் கருத்தில், ஒரே கேள்வியில் அடங்கும்: அந்தப் பிழை அட்டையின் அடையாளத்தைத் தொடுகிறதா, தொட்டால் யாருக்குச் சாதகமாகத் தொடுகிறது? வீரர் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருப்பதும், வேறொரு பதிப்பின் பெயர் அச்சாகியிருப்பதும் ஒரே வகைப் பிழைகள் அல்ல. எவ்வளவு கண்ணை உறுத்துகிறது என்பதை வைத்து முடிவெடுத்தால், உறுத்துகிற எழுத்துப்பிழையைத் திருத்த அலைந்து, உறுத்தாத பதிப்புப் பிழையைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

முதல் வழி, கிரேடு செய்த நிறுவனத்திடமே திருப்பி அனுப்பித் திருத்தம் பெறுவது. பி.எஸ்.ஏ. இத்தகைய பிழையை மெக்கானிக்கல் எரர் என்ற தலைப்பில் தனியாகக் கையாள்கிறது. பிழை தன் பக்கத்தில் நேர்ந்தது என்று ஏற்றுக்கொண்டால் கிரேடிங் கட்டணம் இன்றி லேபிளை மாற்றித் தருகிறது. மற்ற நிறுவனங்களிலும் நடைமுறையின் சாரம் இதுவே: முதலில் சான்று எண்ணையும் முன்பக்க, பின்பக்கப் படங்களையும் அனுப்பி வாடிக்கையாளர் சேவையிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும், அதன்பின்தான் ஸ்லாப்பை அஞ்சலில் சேர்க்க வேண்டும். ஒப்புதல் இல்லாமல் அனுப்பப்படும் பொட்டலம் சாதாரண விண்ணப்பங்களின் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடும். இருவழி அஞ்சல் செலவை ஏற்பது யார் என்ற கேள்விக்கும் அந்தக் கடிதப் போக்குவரத்திலேயே விடை வாங்கிவிட வேண்டும்.

இந்த வழியின் வலிமை, சான்றாதாரம் அட்டையிலேயே எந்த அளவுக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1969 டாப்ஸ் மிக்கி மேன்டில் அட்டையில், எண் 500, அவருடைய குடும்பப் பெயர் வழக்கமான மஞ்சளுக்குப் பதில் வெள்ளை எழுத்தில் இருப்பது அரிய வகை. முன்புறப் படம் ஒன்றே போதும், யாரும் மறுக்க முடியாது. 1990 டாப்ஸ் ஃபிராங்க் தாமஸ் அட்டையில், எண் 414, முன்புறத்தில் பெயரே அச்சாகாத பிரதியும் அப்படித்தான்; பெயர் உள்ள பிரதி சில டாலர்களுக்குக் கிடைக்கும், பெயர் இல்லாத பிரதி ஆயிரங்களைத் தொடும். 2018-19 பானினி பிரிஸம் தொகுப்பின் லூகா டோன்சிச் அட்டை, எண் 280, சாதாரணப் பதிப்பாகவும் சில்வர் பதிப்பாகவும் வெளிவந்தது. சில்வரின் பின்புறத்தில் பிரிஸம் என்ற சொல் இருக்கும், சாதாரணப் பதிப்பில் இருக்காது. ஆக, பின்பக்கப் படம் வழக்கை முடித்துவிடும். ஆனால் 1993 டாப்ஸ் ஃபைனெஸ்ட் பேஸ்பால் தொகுப்பின் ரிஃபிராக்டர் எனப்படும் அரிய பளபளப்புப் பதிப்புகளில் அப்படி எந்தச் சொல்லும் அச்சாகவில்லை; ஒளிபடும்போது தெரியும் வானவில் பளபளப்பு ஒன்றுதான் அடையாளம், அது ஸ்கேன் படத்தில் சரியாக விழுவதும் இல்லை. அத்தகைய அட்டைக்கு, சாய்த்து அசைத்து எடுத்த சிறு காணொளியை இணைப்பது நல்லது. எண்பதுகளின் டாப்ஸ் டிஃபனி எனப்படும் சிறப்புப் பதிப்புகளும் இதே சிக்கலுக்குரியவை: பளபளப்பான முகப்பும் வெளிர்ந்த அட்டைத்தாளும் கையில் இருக்கும்போது தெரிகிற அளவுக்குத் திரையில் தெரிவதில்லை.

திருத்தம் கேட்பதில் மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. லேபிள் மாறும்போது அட்டை முதலில் அறிவிக்கப்பட்ட மதிப்பைவிட உயர்ந்த கட்டணப் பிரிவுக்குள் வந்துவிட்டால், வித்தியாசக் கட்டணத்தை நிறுவனம் கேட்கக்கூடும். ஆயிரம் டாலர் அட்டையை நூறு டாலர் அட்டையாக எழுதியது அவர்கள் பிழைதானே என்று வாதாடலாம், ஆனால் விண்ணப்பத்தில் நாமே அந்தப் பதிப்பைத் தவறாகக் குறித்திருந்தால் வாதம் எடுபடாது. அதனால்தான் முதல் விண்ணப்பத்தின் நகலைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். இன்னொன்று, உறையைத் திறக்கிறபோது அட்டை மறுபடியும் ஒருவர் பார்வைக்கு வருகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் கிரேடு கொண்ட அட்டைக்கு இது ஒரு சிறு நெருடல். கிரேடு பற்றிப் பேசாமல் லேபிள் விவரத்தை மட்டும் திருத்தும்படி எழுத்தில் தெளிவாகக் கேட்பதே இதற்கான காப்பு.

ஒரே விண்ணப்பத்தில் போன இரண்டு அட்டைகளின் லேபிள்கள் இடம் மாறி வந்துவிடுவது தனி வகை. இதில் இரண்டையும் சேர்த்தே திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்றை விற்றுவிட்ட பிறகு மற்றதைத் திருத்தக் கேட்டால், ஒரே அட்டைக்கு இரண்டு சான்று எண்களும் மற்றதற்கு எதுவும் இல்லாத நிலையும் உருவாகும். வாங்கியவரைத் தேடிப் பிடிப்பது நிறுவனத்தின் வேலை ஆகாது.

நிறுவனங்கள் தரும் பண உத்தரவாதத்தின் கீழ் இழப்பீடு கேட்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். பி.எஸ்.ஏ.வின் உத்தரவாதம் கிரேடும் உண்மைத்தன்மையும் தவறாக மதிப்பிடப்பட்ட அட்டைகளுக்கானது. பார்த்தவுடனே தெரியக்கூடிய தட்டச்சுப் பிழைகளை அது வெளிப்படையாகவே விலக்குகிறது. 1954 அட்டையின் லேபிளில் 1955 என்று இருந்து, அதை நம்பி ஒருவர் அதிக விலை கொடுத்திருந்தால், அட்டையின் ஆண்டை அவரே கண்டுகொண்டிருக்கலாம் என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருக்கும். கடுமையாகத் தோன்றினாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இல்லாவிட்டால் தவறாக அச்சான லேபிள்களைத் தேடி வாங்கி இழப்பீடு கேட்பதே ஒரு தொழிலாகிவிடும். ஆகவே இழப்பீட்டை ஒரு வழியாகக் கணக்கில் வைக்காமல், கிடைத்தால் லாபம் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லாப்பை நாம் அனுப்பிப் பெறவில்லை, இன்னொருவரிடம் விலைக்கு வாங்கினோம் என்றால், திருத்தத்துக்கு அனுப்பும் முன் விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கும் வழியைப் பார்க்க வேண்டும். லேபிள் ஓ-பீ-சீ என்று சொல்லி, உள்ளே டாப்ஸ் அட்டை இருந்தால், நிறுவனம் செய்து தரும் திருத்தம் நம்மைத்தான் ஏழையாக்கும்: சரியான லேபிளோடு, மதிப்புக் குறைந்த அட்டை ஒன்று கையில் மிஞ்சும். ஈபேயில் வாங்கிய பொருள் விவரித்தபடி இல்லையென்றால், வந்து சேர்ந்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் கோரிக்கை எழுப்பலாம். அந்தக் கெடுவைக் கடந்தபின் பிழையைக் கண்டுபிடித்துப் பயனில்லை. விற்றவர் பெரும்பாலும் லேபிளை நம்பித்தான் விற்றிருப்பார் என்பதால், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் பின்புறப் படத்தை அனுப்பிப் பேசினாலே பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். வாங்கிய அன்றே இரு பக்கங்களையும் லேபிளோடு ஒப்பிடும் பழக்கம் இருந்தால் இந்த வழி எப்போதும் திறந்திருக்கும்.

அப்படியே வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. இதை அலட்சியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வீரர் பெயரில் ஓர் எழுத்து பிறழ்வு, தொகுப்பின் துணைப்பெயர் சுருக்கப்பட்டிருப்பது போன்றவை அட்டையின் அடையாளத்தை மாற்றுவதில்லை. நூறு டாலருக்குக் கீழான அட்டையை இதற்காக இருமுறை அஞ்சலில் பயணிக்க விடுவது ஆதாயமற்றது. இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டியிருக்கிறது. பிழையுள்ள அட்டைகளுக்குச் சந்தையில் கூடுதல் மதிப்பு இருப்பது உண்மை: 1989 ஃபிளீர் தொகுப்பின் பில்லி ரிப்கென் அட்டையில், எண் 616, மட்டையின் அடிப்பகுதியில் எழுதியிருந்த வசைச்சொல் கவனிக்கப்படாமல் அச்சாகி, பிறகு அதை மறைக்க நிறுவனம் செய்த பலவிதத் திருத்தங்களும் தனித்தனி வகைகளாகச் சேகரிக்கப்படுகின்றன. அது அட்டையில் நேர்ந்த பிழை. லேபிளில் நேர்ந்த பிழைக்கு அப்படி ஒரு சேகரிப்புச் சந்தை இல்லை. விநோதம் என்று சொல்லி அதிக விலை கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், கொடுத்தவர்களைப் பார்த்ததில்லை.

வைத்துக்கொள்வதற்கும் ஒரு வரம்பு உண்டு. விற்பனைத் தளங்களில் சான்று எண்ணைக் கொடுத்தால் விவரங்கள் தாமாகவே நிரம்பிவிடுகின்றன; விலை ஒப்பீடுகளும் அந்த விவரத்தை வைத்தே தேடப்படுகின்றன. பதிப்பின் பெயர் தவறாக இருக்கும் ஸ்லாப், அதைத் தேடுபவரின் கண்ணில் படவே படாது. இன்று விற்கும் எண்ணம் இல்லாதவரும், தமக்குப் பின் அந்தத் தொகுப்பைக் கையாளப்போகும் வீட்டார் லேபிளை மட்டுமே படிப்பார்கள் என்பதை நினைக்க வேண்டும். பி.ஜி.எஸ். எட்டு பெற்ற சில்வர் டோன்சிச்சை சாதாரண அட்டை என்று எண்ணி அவர்கள் கொடுத்துவிடுவார்கள்.

வேறு நிறுவனத்துக்கு மாற்றும் கிராஸ்ஓவர் வழி, பிழையைத் திருத்துவதற்கான வழியாகச் சொல்லப்பட்டாலும் அது வேறு நோக்கத்துக்கானது. ஸ்லாப்போடு அனுப்பி, இந்தக் கிரேடுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் மாற்றவும் என்று குறைந்தபட்ச நிபந்தனை விதிக்கலாம். நிபந்தனை நிறைவேறாவிட்டால் பழைய பிழையோடு அதே ஸ்லாப் திரும்பி வரும், கட்டணமும் போயிருக்கும். முதல் நிறுவனம் திருத்த மறுத்து, நமக்கு வேறு நிறுவனத்தின் லேபிள் ஏற்கெனவே விருப்பமாக இருந்தால் மட்டுமே இது பொருந்தும். எஸ்.ஜி.சி.யை 2024 பிப்ரவரியில் பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸ் வாங்கிவிட்டது என்பதையும், ஒன்றின் மீது கோபித்துக்கொண்டு மற்றதற்குப் போகிறவர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஸ்லாப்பை உடைத்து அட்டையை வெளியே எடுத்துப் புதிதாக அனுப்புவது, பொறுமை இழந்தவர்களின் வழி. லேபிள் பிழைக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. உறையின் விளிம்பைப் பிளக்கும்போது மூலை நசுங்கலாம். கிடைத்திருந்த கிரேடு போய்விடும், அடுத்த முறை அதே கிரேடு வரும் என்ற உறுதி இல்லை. பழைய சான்று எண் நிறுவனத்தின் எண்ணிக்கைப் பட்டியலில் (எந்த அட்டை எந்தக் கிரேடில் எத்தனை உள்ளது என்று காட்டும் பட்டியல்) அப்படியே தங்கி, இல்லாத ஓர் அட்டையை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும். இலவசமாகத் திருத்தித் தர வேண்டிய பிழைக்கு நாமே முழுக் கட்டணமும் கட்டுகிறோம் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

பிழை நமக்குச் சாதகமாக இருக்கும் நிலைதான் நேர்மையைச் சோதிப்பது. எட்டு கிரேடு அட்டையில் மையம் விலகியிருப்பதைக் குறிக்கும் ஓ.சி. என்ற குறியீடு விடுபட்டிருக்கலாம், சாதாரண அட்டைக்கு அரிய பதிப்பின் பெயர் வந்திருக்கலாம். அறிந்தே அதை லேபிளின்படி விற்பவர், லேபிள் எழுதியது நான் அல்ல என்று தப்ப முடியாது. வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும் உரிமை பெறுகிறார், விற்றவர் பெயர் கெடுகிறது. விற்பதாக இருந்தால், தலைப்பிலேயே உண்மையான பதிப்பை எழுதி, லேபிளில் உள்ள பிழையை விவரத்தின் முதல் வரியில் சொல்லி, பின்புறப் படத்தை இணைத்து, உண்மையான பதிப்பின் விலைக்கே விற்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை அமெரிக்காவுக்கு உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் கணக்கு வேறு. அமெரிக்க அஞ்சல் துறையின் பதிவு அஞ்சலில் 50,000 டாலர் வரை காப்பீடு கிடைப்பதால், விலை உயர்ந்த ஸ்லாப்புக்கு அது ஏற்றது, மெதுவாகப் போனாலும் பாதகமில்லை. கோடையில் நடக்கும் நேஷனல் என்ற பெரும் அட்டைக் கண்காட்சிக்குப் போகிறவர்கள், அங்கே அரங்கு அமைக்கும் கிரேடிங் நிறுவனங்களிடம் ஸ்லாப்பை நேரில் கொடுத்து ஒரு வழி அஞ்சலையாவது மிச்சப்படுத்தலாம். டொரொன்டோவிலிருந்தோ சென்னையிலிருந்தோ அனுப்புகிறவருக்கு, அட்டை அங்கிருந்தே வந்தது, திருத்தத்துக்காக மட்டும் திரும்பிப் போகிறது என்பதைக் காட்டும் ஆவணங்களை இரு சுங்கத்துக்கும் தயாராக வைக்க வேண்டியிருக்கும். குழுவாக அனுப்பித் தரும் முகவர் மூலம் முதலில் அனுப்பியிருந்தால், விண்ணப்பம் அவர் கணக்கில் இருப்பதால் திருத்தக் கோரிக்கையும் அவர் வழியாகவே போக வேண்டும். அவருடைய அடுத்த பொட்டலத்தோடு சேர்த்தால் செலவும் குறையும்.

திருத்தப்பட்ட ஸ்லாப் திரும்பி வந்ததும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: லேபிள், சான்று எண்ணுக்கான இணையப் பதிவு, அந்தப் பதிப்பின் எண்ணிக்கைப் பட்டியல். லேபிள் ஒன்றும் இணையப் பதிவு வேறொன்றும் சொன்னால், வாங்க வருபவர் அதைப் போலி ஸ்லாப் என்றே முடிவு செய்வார். பதிவை மட்டும் சரிசெய்யும்படி கேட்க ஸ்லாப்பை மறுபடி அனுப்பத் தேவையில்லை; முன்பு நடந்த கடிதப் போக்குவரத்தைத் தொடர்ந்து அதே இழையில் புதிய லேபிளின் படத்தை இணைத்து எழுதினால் போதும்.